செம்பனைக்குள் இருந்து ஒரு சேதி

1991இல் டுரியான் துங்கல் அணை வற்றி, மலாக்கா தண்ணீருக்குத் தவித்தது. நீர் குறைந்தாலும் பெருகினாலும் அறிய, இன்று மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறையின் மழைமானிகளும் ஆற்றுமட்டக் கருவிகளும் தரும் அளவுகளை எவரும் கைப்பேசியில் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது, இத்தகைய அளவுகள் கம்பியில்லாமல் வந்து சேரும் விதம். செம்பனைத் தோட்டத்தில் ஈர மட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையை உறிஞ்சிவிடும். அங்கே 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழான அலைதான் தூரம் போகும். நல்ல உணரி பேட்டரியைக் காக்கப் பெரும்பாலும் தூங்கும். விழித்ததும் அளவைச் சொல்லி, 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் இல்லையா? சற்று விட்டு மறுபடி சொல்லும், பக்கத்து உணரி வழியாகவும் முயலும். அதுவும் முடியாவிட்டால் நேரத்தோடு குறித்து வைத்து, இணைப்பு திரும்பியதும் ஒப்படைக்கும். இந்தப் பொறுப்புணர்வை மிகவும் மதிக்கிறேன்: அடைமழையிலும் இணைப்பு அறுந்துபோகலாம், ஆற்றோரக் குடும்பங்களுக்கு வேண்டியதும் அந்த மழையின் கணக்குத்தான்.