கந்தரோடைத் தூபிகளும் ரகுபதியின் நூலும்

பொன்னம்பலம் ரகுபதி 1987இல் யாழ்ப்பாணத்து ஆதிக் குடியிருப்புகள் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் சிறப்பு, கந்தரோடைத் தூபிகளைத் தனித்து நோக்காமையாகும். போல் பீரிஸ் 1917இல் அவற்றைப் பௌத்த எச்சங்கள் என்ற தலைப்பின்கீழ் அறிமுகஞ்செய்தார். ரகுபதியோ தூபி, குடியிருப்பு மேடு, கறுப்பு-சிவப்பு மட்கலம், 1980இல் வெளிப்பட்ட ஆனைக்கோட்டை ஈமக்குழி ஆகியவற்றை ஒருங்குவைத்து, பெருங்கற்கால மரபின் தொடர்ச்சியை நாடுகிறார். பௌத்தமெனிற் சிங்களமென்போர்க்கும், தமிழெனிற் சைவமேயென்போர்க்கும் இது உவப்பாகாது.

எனினும் ஓரிடர்ப்பாடு உண்டு. இன்று காணப்படும் அண்டங்கள் பெரும்பாலும் தொல்லியல் திணைக்களத்தின் மீள்கட்டுமானம். காண்போர் வியப்பது அவற்றையே. பழைமைக்குச் சான்றாவது அடித்தளமே. ஆகவே, தூபிகள் ஈமச்சின்னங்கள் என்னுங் கருத்தை அண்டத்தின் வடிவங்கொண்டு நிறுவவியலாது. அடித்தளத்தின் கீழ்ப் படைகளே அதனை உறுதிசெய்யவோ மறுக்கவோ வல்லன.