புதிர்ப் பக்கத்துக்கு மட்டுமா இந்த எண்கள்?

இராமானுஜனை உலகறியச் செய்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டியை நீங்கள் அறிவீர்கள். அவர் 1940-இல் வெளியிட்ட ‘எ மேத்தமெட்டிஷியன்ஸ் அப்பாலஜி’ என்ற சிறு நூல், கணிதத்தின் அழகைப் பேசும் நூல்களில் தலைசிறந்த ஒன்று. ஆயினும் அதில் ஓரிடத்தை அப்படியே ஏற்காமல், தாளும் பென்சிலும் கொண்டு சோதித்துப் பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆழமற்ற கணித உண்மைகளுக்கு ஹார்டி அங்கே இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறார். திருப்பி எழுதினால் வரும் சிறிய நான்கிலக்க எண்ணின் சரி மடங்காக அமைபவை 8712, 9801 ஆகிய இரண்டே (8712 = 4 × 2178; 9801 = 9 × 1089). தம் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால் தாமே வரும் எண்கள், 1 நீங்கலாக, 153, 370, 371, 407 ஆகிய நான்கே. இவை புதிர்ப் பக்கங்களுக்கு ஏற்றவை. குறிப்பிடத்தக்க பொதுமைக்கு இடந்தராதவை என்பது அவர் தீர்ப்பு.

உண்மைதானா? நாம் பத்தை அடிமானமாகக் கொண்டு எழுதுகிறோம். எட்டை அடிமானமாகக் கொண்டால் இடமதிப்புகள் 1, 8, 64, 512 என வளரும். அம்முறையில் 1067 என்பது நம்முடைய 567. அதை 7-ஆல் பெருக்க 3969 வரும். இதை எட்டு அடிமானத்தில் எழுதினால் 7601. எண் தலைகீழாகிவிட்டது!

இது தற்செயல் அன்று. அடிமானத்தை ‘அ’ என்க. அது 3 அல்லது அதற்கு மேல் எதுவாகவும் இருக்கலாம். 1, 0, அ−2, அ−1 என்ற இலக்கங்களை உடைய எண்ணின் மதிப்பு (அ+1)²(அ−1). அதை அ−1 ஆல் பெருக்கினால் (அ²−1)². அதன் இலக்கங்கள் அ−1, அ−2, 0, 1. பத்தில் அதுவே 99², அதாவது 9801. இரட்டைப்படை அடிமானங்களில் 8712-க்கும் உறவினர் உண்டு; எட்டில் 6512 = 3 × 2156.

இனி, கனங்கள். 370-ஐ எட்டில் எழுதினால் 562. கனங்களின் கூடுதல் 349. பொருந்தவில்லை. ‘இங்கே ஹார்டி வென்றார்’ என்று எழுந்துவிடாதீர்கள். ஏழு அடிமானத்தில் 250-ஐப் பாருங்கள். அதன் மதிப்பு 133; 8 + 125 = 133. அடிமானம் 3ம+1 ஆனால் ம, 2ம+1, 0 என்ற இலக்கங்கள் எப்போதும் பொருந்தும். ம = 3 எனில் 370. கடைசி இலக்கத்தை 1 ஆக்கினால் 371. ம+1, 0, 2ம+1 என்ற வரிசை 407-ஐத் தரும். 153 மட்டும் இம்மூன்றிலும் சேரவில்லை. அதற்கு உறவினரைத் தேடும் வேலை உங்களுடையது.

ஹார்டியின் உரைகல் சரியானதே. பகா எண்கள் முடிவற்றவை என்ற யூக்ளிட்டின் தேற்றத்தை அவர் உயர்ந்த கணிதத்துக்குச் சான்றாகக் காட்டுகிறார். நம் வாய்பாடுகள் அதன் அருகே நிற்கா. ஆனால் ‘இரண்டே’, ‘நான்கே’ என்பவை பத்து என்ற அடிமானத்துக்கு உரிய சொற்கள். பத்தோ நம் கைவிரல்கள் தந்தது. அச்சொற்களோடு அவர் நின்றுவிட்டதே குறை.

ஆகவே, உங்கள் குறிப்பேட்டில் இத்தகைய விந்தை எண் ஒன்று அகப்பட்டால், பெரியவர் ஒருவர் இகழ்ந்தார் என்று கிழித்தெறியாதீர்கள். அடிமானத்தை மாற்றிப் பாருங்கள். ஒன்றில் பொருந்தாவிட்டால் இன்னொன்றில் பாருங்கள். அது வெறும் புதிரா, தேற்றத்தின் ஒரு முனையா என்பது அப்போது தெரியத் தொடங்கும்.