காத்திருப்பவரின் ஆட்டம்

சிரிப்பு நடிப்பைப் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும், நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, வில்லிசையும் நாடகமும் பயின்று திரைக்குச் சென்ற நம் கலைஞர் என். எஸ். கிருஷ்ணனை, ஹாலிவுட் மௌனப்பட நடிகர் ஒருவரின் தமிழ்ப் பிரதியாகவே விமரிசகர்கள் வர்ணித்துவருவது, பாராட்டைப் போலத் தோன்றினும் அபவாதமே என்பது என் திடமான அபிப்பிராயம். எதிரே நிற்பவர் ஒரு வார்த்தையை வீசினால் உடனே திருப்பியடிக்காமல், அதன் அபத்தம் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்வரை ஏதும் விளங்காதவர் போல நின்று, பிறகு குரலை உயர்த்தாமல் பதில் சொல்வாரே, அந்த ஒரு தீர்மானத்தில்தான் அவருடைய ஆட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

அவருடைய ஆரம்பப் படங்களில் ஒன்றான ‘சதிலீலாவதி’யை 1936இல் இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். காமிரா நிற்கவேண்டிய இடத்தையும் ஒளி விழவேண்டிய கோணத்தையும் அவர் கற்பித்திருக்கலாம். ஒரு தமிழ்ச் சொல்லுக்கும் அதன் மறுசொல்லுக்கும் இடையே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அவர் எப்படிக் கற்பித்திருக்க முடியும்? ஹாலிவுட்டிலேயே இதற்கு நிதரிசனம் உண்டு. யூனிவர்சல் ஸ்டூடியோவில் பகலில் ஆங்கில ‘டிராகுலா’ படமான அதே செட்டுகளில், இரவில் வேறு நடிகர்களைக் கொண்டு ஸ்பானிய மொழி ‘டிராகுலா’ தயாராகி 1931இல் வெளிவந்தது. அதன் இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் துணையுடனேயே வேலை நடந்தது. அப்படம் ஆங்கிலப் படத்தை விஞ்சியது என்று ரசிகர் பலர் வாதிடுகின்றனர். அதில் பேச்சின் லயம் முழுக்க நடிகர்களின் சொந்தச் சம்பாத்தியம்.

நம்மவரின் சம்பாத்தியம் வில்லுப்பாட்டு. கோயில் கொடைகளில் வில்லுக்கு முன் அமர்ந்து வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்பவர், ஒரு வரியை விட்டுவிட்டுச் சற்று நிற்பார். பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ என்று வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த வரி புறப்படும். அந்த இடைவெளியைத்தான் கிருஷ்ணன் திரைக்குக் கொண்டுபோனார். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’யின் கதைக்கரு ஃபிராங்க் காப்ராவின் அமெரிக்கப் படத்திலிருந்து வந்ததுதான், வசனம் அண்ணாதுரையுடையது. ஆனால் அப்படத்தின் ஜீவன் என்று நான் கருதும் ‘கிந்தனார்’ காலட்சேபம், ஏழைச் சிறுவன் ஒருவன் படித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பிவரும் அந்தக் கதை, காப்ரா கனவிலும் காணாதது.

ஐந்தாறு பாஷைகளில் ஒரே நாளில் வெளியிடவேண்டும் என்ற அவசரத்தில் எடுக்கப்படும் இக்காலப் படங்களில், உதட்டசைவுக்கு ஏற்பச் சொற்களை நெருக்குகிறவர்கள் முதலில் பலியிடுவது இந்த இடைவெளியையே. ஆகவே இன்னும் பத்தாண்டுகளுக்குப் பெரும் படங்களில் சிரிப்பு மெலிந்துகொண்டே போகும் என்றும், அதை மீட்கப்போகிறவர்கள் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்தில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் வளர்ந்து, சிறு முதலீட்டில் படமெடுக்கப்போகும் இளைஞர்களே என்றும் நான் கணிக்கிறேன். ஊர்ப் பாசம் இக்கணிப்பில் கலந்திருப்பதை மறைக்கவில்லை. எனினும் அது பொய்க்காது என்றே நம்புகிறேன்.

அடுத்த முறை ‘நல்லதம்பி’யைப் பார்க்கும் வாசகர்கள், கிருஷ்ணன் வாய் மூடியிருக்கும் தருணங்களைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.