உறையும் சுவையும்: ஒரு நோக்கு

செய்யுளையும் கதையையும் மட்டுமன்றி, அன்றாடம் கைக்கு வரும் பொருளையும் ஒரு பனுவலாக வாசித்தல் கூடும். சுவையூட்டிய புகையிலையின் பொதி அத்தகையது. ஆபத்தைப் பற்றி அது இளைஞருக்கு எதனைக் கூறுகின்றது, எதனை மறைக்கின்றது என்பது ஆராயற்பாலது.

பழத்தின் படமும் பளபளக்கும் வண்ணமும் புகையிலையைத் தின்பண்டங்களின் வரிசையில் நிறுத்துகின்றன. சுவையோ இதனினும் நுண்மையாகத் தொழிற்படுகின்றது. முதற்புகையின் காறல், உடல் விடுக்கும் எச்சரிக்கை. மெந்தோலின் குளிர்ச்சி அக்காறலைத் தணிக்கின்றது, நஞ்சினைத் தணிப்பதில்லை. உறை கண்ணை ஏமாற்ற, சுவை தொண்டையை ஏமாற்றுகின்றது.

இலங்கைச் சட்டம் இவ்விரண்டையும் அறியாததன்று. 2012இல் படத்துடன் கூடிய எச்சரிக்கையை அரசு விதிக்க முற்பட்டபோது, இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றத்தை நாடியது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் எச்சரிக்கையின் அளவை 50 முதல் 60 வீதம் என வரையறுத்தது. 2015இல் சட்டம் திருத்தப்பட்டு அது 80 வீதமாயிற்று. 2016 செப்டெம்பரில் வந்த ஒழுங்குவிதிகள், மெல்லும் புகையிலைப் பொருள்களோடு, சுவையோ நிறமோ இனிப்போ ஊட்டிய சிகரெட்டுகளையும் தடைசெய்தன.

ஆயினும், இவற்றின் பயனை நக்கிள்ஸ் மலைச்சாரலிலுள்ள லக்கல போன்ற ஊர்களின் தேநீர்க்கடையிலேயே அளந்தறிதல் வேண்டும். முழுப்பொதி வாங்கும் வசதியற்ற இளைஞன் உதிரியாக ஒன்றையே வாங்குகின்றான். பொதி கடைக்காரரிடமே தங்குகின்றது. 80 வீத எச்சரிக்கையும் அதனோடு தங்கிவிடுகின்றது. மணத்தை மறைக்கக் கூடவே ஒரு புதினா மிட்டாய். சட்டம் பிரித்துவைத்த இனிப்பும் புகையிலையும் கடைமேசையில் மீண்டும் கூடிவிடுகின்றன!

புகைத்தலின் தீமையை அறியாதவர் எவருமிலர், ஆதலின் எச்சரிக்கையால் ஆவதென்ன எனச் சிலர் வினவுவர். தீமையை அறிதல் வேறு. அது தனக்கும் உரியது என உணர்தல் வேறு. முழுப்பொதி பழக்கத்தின் அடையாளம். உதிரிச் சிகரெட்டோ, 'ஒன்றுதானே' என்னும் ஆறுதலைத் தந்து, அப்பழக்கத்திற்குத் தான் புறம்பானவன் என இளைஞனை மயக்குகின்றது.

2006ஆம் ஆண்டின் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலை விற்பதைத் தடுக்கின்றது. அத்தடை கடைமேசைவரை செல்லுதல் வேண்டும். உதிரி விற்பனையும் ஒழிதல் வேண்டும். அதனை விடுத்து உறையை மட்டும் திருத்துதல், வாசகனைச் சென்றடையாத நூலுக்குப் பிழைதிருத்தம் செய்வதை ஒக்கும்.