குவாந்தனமேரா: இறங்கத் தெரியாதவர்களின் ஊர்வலம்

கியூபாவின் 'குவாந்தனமேரா' (1995) படத்தை முதல் முறை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரிச்சேன். இரண்டாம் முறை அவ்வளவு சிரிப்பு வரலை. ஏன் என்று யோசித்ததன் குறிப்பு இது. முடிவையும் சொல்லப்போறேன், வேண்டாம்னா நேரா கடைசிப் பத்திக்குப் போயிடுங்க.

கதை எளிமையானது. புகழ்பெற்ற பாடகி யோயிதா, பல வருஷம் கழிச்சு சொந்த ஊரான குவாந்தனமோவுக்கு வருகிறாள். பழைய காதலன் காந்திதோவின் கைகளிலேயே இறந்துபோகிறாள். உடலை ஹவானாவுக்குக் கொண்டுபோகணும். சுமார் 900 கிலோமீட்டர். சோவியத் யூனியன் உடைந்து, கியூபாவுக்கு எண்ணெய் வரத்து சுருங்கிய காலம். யோயிதாவின் அண்ணன் மகளோ தங்கை மகளோ, ஹீனா என்று ஒருத்தி. அவள் கணவன் அதோல்ஃபோ ஓர் அதிகாரி. அவன் ஒரு திட்டம் போடுகிறான்: ஒவ்வொரு மாகாண எல்லையிலும் சவ வண்டியை மாற்றினால் பெட்ரோல் செலவு எல்லா மாகாணத்துக்கும் பங்காகிவிடும். காகிதத்தில் கச்சிதம். சாலையில் சவப்பெட்டியே மாறிப்போகிறது.

அதே சாலையில் மரியானோ என்கிற லாரிக்காரனும் வருகிறான். ஹீனாவின் பழைய மாணவன். சவ வண்டி விதிப்படி ஓடுகிறது; லாரி வழியில் கிடைப்பதை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. நாடு உண்மையில் எதில் நகர்கிறது என்பது நமக்கே புரிந்துவிடும்.

இதைப் பெட்ரோல் தட்டுப்பாட்டைக் கிண்டலடிக்கும் படம் என்று நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. நடுவில் ஒரு யொரூபா தொன்மம் வருகிறது. கடவுள் உலகைப் படைத்தபோது மரணத்தைப் படைக்க மறந்துவிட்டார். கிழவர்கள் சாகாமல் ஆண்டுகொண்டே இருக்க, இளைஞர்களுக்கு மூச்சு முட்டுகிறது. கடைசியில் மழை வந்துதான் வழி பிறக்கிறது. படத்தின் முடிவிலும் மழை. இடுகாட்டில் பீடத்தின்மேல் நின்று உரையாற்றும் அதோல்ஃபோவுக்கு இறங்கத் தெரியவில்லை. ஹீனா மரியானோவோடு போய்விடுகிறாள். படத்தின் கேள்வி பெட்ரோல் இல்லை. யார் எப்போ இறங்கணும் என்பதுதான்.

இதை எடுத்தவர் தோமாஸ் குதியேரஸ் அலேயா. உடன் இயக்கியவர் ஹுவான் கார்லோஸ் தபீயோ. அலேயா அப்போது புற்றுநோயாளி. 1996-ல் இறந்தார், இதுவே அவருடைய கடைசிப் படம். ஹீனாவாக நடித்த மிர்தா இபார்ரா அவருடைய மனைவி. தன் முடிவை அறிந்த ஒருவர் பிணத்தை வைத்துச் சிரிக்கிறார் என்பது தெரிந்த பிறகு, அந்த மழைக்காட்சியை வெறும் நையாண்டியாகப் பார்க்க முடியலை. 1998-ல் ஃபிடல் காஸ்ட்ரோ இந்தப் படத்தைப் பொதுவில் சாடினார். குத்து சரியான இடத்தில்தான் பட்டிருக்கு.

குறை இல்லாமலில்லை. மரியானோவுக்கு ஊருக்கு ஒரு பெண் என்கிற நகைச்சுவை இழுத்துக்கொண்டே போகிறது. அதோல்ஃபோவுக்கு ஒரு மனுஷ நிமிஷமாவது கொடுத்திருக்கலாம்.

எங்கே பார்ப்பது? பெயரை மட்டும் போட்டுத் தேடினால் அதே பெயரிலுள்ள பாட்டுதான் வந்து குவியும். 1995, அலேயா என்று சேர்த்துத் தேடுங்க. ஓடிடி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் ஜஸ்ட்வாட்ச் தளத்தில் உங்க நாட்டைத் தேர்ந்து பார்த்துக்கலாம். பாட்டு வரிகளுக்கும் சப்டைட்டில் உள்ள பிரதியாக எடுங்க. இந்தப் படத்தில் கதையைச் சொல்லிக்கொண்டு போவதே அந்தப் பாட்டுதான்.