ஒற்றைக்கொம்பு: சிறுவர் படநூல்களில் விழைவும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

தன்னினும் உயர்ந்ததாகக் கருதும் வேறொரு விலங்காக மாற விழையும் விலங்கு, கதையிலக்கியத்தின் பழமையான கருப்பொருள்களுள் ஒன்று. பஞ்சதந்திரத்தில் சாயத்தொட்டியில் விழுந்து நீலநிறம் பெற்ற நரி காட்டுக்கு அரசாகிறது. அண்மைக்காலப் படநூல்களிலோ மேலைத் தொன்மத்தின் ஒற்றைக்கொம்புக் குதிரையே இவ்விழைவின் இலக்காக அமைகிறது. ஆஸ்திரேலிய எழுத்தாளரும் ஓவியருமான ஆரன் பிளேபி 2015இல் வெளியிட்ட 'தெல்மா தி யூனிகார்ன்' இதற்குத் தக்க சான்று. 2024இல் இது திரைப்படமாகவும் வந்தது. இத்தகு நூலைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இரு சிக்கல்கள், பெயரும் நீதியும், இங்கு ஆராயப்படுகின்றன.

2. பெயர்

இவ்விலங்கின் பெயர் முன்பே மொழிபெயர்ப்பாளரைத் தடுமாறச் செய்ததுண்டு. எபிரேய விவிலியத்தின் 'ரேஎம்' கிரேக்கத்தில் 'ஒற்றைக்கொம்புடையது' எனப் பெயர்க்கப்பட்டது. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலப் பெயர்ப்பு 'யூனிகார்ன்' என்றது. பழைய தமிழ்ப் பெயர்ப்பு 'காண்டாமிருகம்' என்றது. மூலம் காட்டு மாட்டினத்தைக் குறிப்பதாக இன்று கருதப்படுகிறது. படநூலில் இக்குழப்பத்திற்கு இடமில்லை. ஓவியமே பொருளை வரையறுத்துவிடுவதால், அங்குக் 'காண்டாமிருகம்' என எழுதுவது பிழையாகவே முடியும்.

'ஒற்றைக்கொம்பன்' என்பது இயல்பான தமிழாக்கமாகத் தோன்றலாம். குண்டலுபேட்டைப் பகுதியை வைத்து நோக்கின் அதன் குறை புலனாகும். 1997 வரை மைசூர் மாவட்டத்திலும் பின்னர்ச் சாமராஜநகர் மாவட்டத்திலும் அமைந்த இவ்வூர், பந்திப்பூர்க் காட்டை அடுத்தது. இங்கிருந்து ஒரு சாலை முதுமலைக்கும் மற்றொன்று வயநாட்டிற்கும் செல்கின்றன. இக்காடுகளை ஒட்டிய தமிழ், மலையாள வழக்கில் 'கொம்பன்' தந்தமுள்ள ஆண்யானை; 'ஒற்றைக்கொம்பன்' ஒரு தந்தமே உள்ள யானை. கொம்பு, கோடு, மருப்பு ஆகிய மூன்றும் விலங்கின் கொம்பையும் யானையின் தந்தத்தையும் ஒருங்கே குறிப்பதால் இப்பொருள் தமிழுக்குப் புறம்பானதன்று. காட்டோரக் குழந்தைக்கு ஒற்றைக்கொம்பன் கனவுப்பொருள் அன்று. அஞ்சி விலகவேண்டிய விலங்கு. மேலும், அச்சொல்லின் ஈறு ஆண்பாலுக்குரியது, தெல்மாவோ பெண்.

'யூனிகார்ன்' என்னும் ஒலிபெயர்ப்பு பொம்மைகள் வாயிலாக நகரக் குழந்தைகளுக்குப் பழகியதே. எனினும், அதில் 'கொம்பு' கேட்பதில்லை. தெல்மா மூக்கின்மேல் காரட்டைக் கட்டிக்கொண்டதுமே அவள் வேறாகிவிடுகிறாள் என்னும் கதை நுட்பத்திற்குக் கொம்பு காதில் விழுதல் இன்றியமையாதது. 'ஒற்றைக்கொம்புக் குதிரை' தெளிவானது. ஆனால், சந்தத்துடன் உரக்கப் படிக்கும் நூலுக்கு நீளமானது.

ஆகவே 'ஒற்றைக்கொம்பு' என்னும் அஃறிணை வடிவமே ஏற்புடையது எனலாம். 'பொற்றொடி' போல இஃது அன்மொழித்தொகை. தொகையில் இல்லாத விலங்கைக் கேட்போரே வருவித்துக்கொள்கின்றனர். தெல்மாவைக் கண்டோரும் இதையே செய்கின்றனர்: இருப்பது கொம்பு மட்டும், எஞ்சியதை அவர்களே நிரப்பிக்கொள்கின்றனர்.

3. நீதி

இரண்டாம் சிக்கல் இதனினும் நுட்பமானது. நீல நரி தன் இனத்தின் ஊளை கேட்டுத் தானும் ஊளையிட்டு அகப்பட்டு மடிகிறது. மூதுரை, மயிலைப் பார்த்து ஆட முயலும் வான்கோழியைக் கல்லாதவனுக்கு உவமையாக்குகிறது. இரண்டிலும் விழைவு குற்றம். பிறர் நகைப்போ தண்டனையோ அதன் முடிவு. தெல்மாவின் வேடத்தை எவரும் கலைப்பதில்லை. புகழின் தொல்லையையும் தோழனான கழுதை ஓட்டிஸின் பிரிவையும் உணர்ந்து அவளே கொம்பைக் கழற்றுகிறாள். பழங்கதை 'உன் இடத்தை அறி' என்கிறது. இந்நூல் 'உன் விருப்பத்தை அறி' என்கிறது.

தமிழில் ஆயத்தமாகக் கிடைக்கும் 'வான்கோழி', 'சாயம் வெளுத்தது' போன்ற தொடர்களை இங்குக் கையாண்டால் மூலத்தில் இல்லாத ஏளனம் புகுந்துவிடும். பிறப்பால் இடம் வகுக்கப்பட்ட சமூகத்தில், உயர விழைவதே தவறு என்று அது குழந்தைக்குப் பொருள்படும்.

4. முடிவுரை

படநூலில் சொற்கள் சில. ஆயின் ஒவ்வொன்றின் சுமையும் பெரிது. விலங்கின் பெயரை வட்டார வழக்கோடு ஒப்புநோக்கித் தேர்தலும், மரபுத்தொடரை அதன் நீதியோடு எடைபோட்டுக் கொள்ளலோ தள்ளலோ செய்தலும் குழந்தை இலக்கிய மொழிபெயர்ப்பாளரின் கடனாகும்.