உச்சிப் புலிக்கு எட்டு ஆடு

ஆடுபுலி ஆட்டத்தில் புலிப் பக்கம் உட்காரத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டி வெட்டுகிற உரிமை புலிக்கு மட்டுமே இருப்பதால் ஆயுதமும் அதனிடம் இருப்பதாக நினைப்பு. என் கட்சி வேறு. ஆட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற புள்ளிதான் புலியின் ஆயுதம். அங்கே இன்னோர் ஆடு வந்து நின்றுவிட்டால், பக்கத்திலேயே நிற்கும் புலி வெறும் கல். ஆட்டுக்குக் கேடயமும் தனியாக ஏதும் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதே கேடயம்.

ஊருக்கு ஊர் கட்டம் மாறும். 23 புள்ளிக் கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து நான்கு கோடுகள் ஒரு செவ்வகத்தின் ஊடே இறங்குகின்றன. அங்கே நிற்கும் புலியை அடைக்க அடுத்த வரிசையில் நான்கு ஆடு, அவற்றுக்கு முட்டுக்கொடுக்க அதற்கும் அடுத்த வரிசையில் நான்கு, ஆக எட்டு வேண்டும். செவ்வகத்தின் மேல் மூலையில் நிற்கும் புலிக்கோ பக்கவாட்டில் இரண்டு, கீழே இரண்டு என்று நாலே போதும். உச்சியில் ஒன்று, இரண்டு மேல் மூலைகளிலும் ஒவ்வொன்று என்று புலிகள் நின்றால் எட்டும் நாலும் நாலும் 16. கையில் இருப்பதோ 15. ஆனால் மூலைப் புலியைப் பக்கவாட்டில் மறிக்கிற இரண்டு ஆடுகளும் உச்சிப் புலியை ஏற்கெனவே அடைத்து நிற்கிற அதே ஆடுகள்தாம். மூலைக்கு இரண்டு வீதம் கூடச் சேர்த்தால் 12 ஆட்டில் மூன்று புலியும் அசையாது. மூன்று ஆட்டைப் பறிகொடுத்தவரும் ஜெயிக்கலாம் என்பதற்கு இந்த நிலையே சாட்சி. நேபாளத்துப் பாக்சாலில் 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி. நல்ல ஆட்டம்தான், ஆனால் அந்தச் சதுரத்தில் இப்படி ஓர் உச்சி கிடையாது.

விண்வெளிப் போர் விளையாட்டுகளில் ஊறியவர்களுக்கு இது எளிமையாகப் படலாம். ஸ்டெல்லாரிஸில் லேசர் கவசத்தைத் துளைக்கும், ஷீல்டிடம் தடுமாறும். குண்டு வீசும் பீரங்கி அதற்கு நேர்மாறு. எதிரிக்கு ஏற்ற கலவையைத் தேர்வதில் ருசி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே பாதிப் போர் கப்பல் கட்டும் இடத்திலேயே முடிந்துவிடுகிறது. இங்கே ஒரே காய் ஒரு நகர்த்தலில் கேடயம், அடுத்ததில் ஓட்டை. ஆட்டுப் பக்கம் மந்தமானது என்பாரும் உண்டு. 15 ஆடும் இறங்கும்வரை எதையும் நகர்த்த முடியாது என்பதால், ஒவ்வொன்றையும் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சண்டையே நடக்கிறது. வெட்டுப்படப் போகிற ஆட்டைக் கைபேசிச் செயலி ஒளிரவைத்துக் காட்டிவிட்டால் அந்தச் சண்டை செத்துப்போகும். பின்னால் காலியா என்று பார்க்கும் கண்தானே இந்த ஆட்டம்!

பலகைகூட வேண்டாம். திருமுடிவாக்கம் சிட்கோவில் ஒரு பட்டறைத் தரை, சாக்பீஸ், மூன்று போல்ட், 15 வாஷர், சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம். வாஷர் பக்கம் உட்காருங்கள்.